எதிர்ப்பக்கத்து விளம்பரம்

நுரையீரல் புற்றுநோய் உறுதி செய்யப்பட்ட 684 பேரை ஆராய்ந்து, நெடுங்காலம் மிகுதியாகப் புகைப்பதற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்று காட்டிய எர்ன்ஸ்ட் விண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் இருவரின் கட்டுரை 1950 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தபோது, 1933 முதல் சிகரெட் விளம்பரங்களை ஏற்றுவந்த அவ்விதழ் அவற்றை இன்னும் கைவிட்டிருக்கவில்லை, கைவிட்டது 1953இல்தான். இதில் வருவாய் ஆசைக்குப் பங்குண்டு. ஆயினும் அறிவியல் இதழ்களில் கட்டுரையும் விளம்பரமும் ஒன்றையொன்று கேலி செய்வதுபோல் அமைந்துவிடுவதற்கு, இதழ் உருவாகும் முறையே பெரும்பாலும் காரணம்.

விளம்பரதாரரின் விருப்பத்துக்குக் கட்டுரை வளைந்துவிடக் கூடாது என்பதற்காக, நல்ல இதழ்களில் ஆசிரியர் குழுவும் விளம்பரப் பிரிவும் தனித்தனியே இயங்குகின்றன. பின்னட்டை, முன்னட்டையின் உட்புறம், பொருளடக்கத்தின் எதிர்ப்பக்கம் போன்ற விலை கூடிய இடங்கள் முன்கூட்டியே விற்றுப்போக, எந்தக் கட்டுரை எங்கே வரும் என்பது பின்னரே முடிவாகிறது. நேர்மையைக் காக்க எழுப்பிய சுவரே இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணை மறைத்துவிடுவது சற்று வேடிக்கைதான்.

பக்கங்களின் வரிசையைக் காட்டும் மாதிரியான 'டம்மி'யில் பொருத்தமின்மை தென்பட்டாலும், விளம்பரத்தை இடம் மாற்றுவது முன்பு எளிதாக இருக்கவில்லை. பதினாறு பக்கங்களை ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும் வழக்கமான முறையில், அச்சகத்தார் பாரம் என்று சொல்லும் அந்தத் தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஆகிய பக்கங்களும் மறுபுறத்தில் எஞ்சியவையும் அமைகின்றன. செலவைக் குறைக்க முதற்புறத்துக்கு மட்டும் வண்ணம் கொடுத்திருந்தால், ஐந்தாம் பக்கத்து வண்ண விளம்பரம் ஆறாம் பக்கத்துக்குப் போக முடியாது. நான்காம் பக்கத்துக்குப் போகலாம், ஆனால் விரித்தால் அதுவும் ஐந்தும் எதிரெதிரே இருப்பதால் சங்கடம் தீராது.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஒரே பொருளைப் பற்றிய கட்டுரையையும் விளம்பரத்தையும் அருகருகே வைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்றும், புகையிலை போல உடல்நலத்துக்குப் பெருந்தீங்கு செய்பவற்றின் விளம்பரத்தை ஏற்கவே கூடாது என்றும் பரிந்துரைக்கிறது. இணையப் பக்கத்தில் நிலைமை தலைகீழாகிறது. அங்கே கட்டுரையின் சொற்களைக் கண்டு அவற்றோடு பொருந்தும் விளம்பரத்தை மென்பொருளே தேர்ந்தெடுக்கக்கூடும், சொல்லை மட்டும் எண்ணும் முறைக்கோ புகழ்ச்சியும் மறுப்பும் ஒன்றே என்பதால், ஒரு போலி மருந்தின் பொய்களைத் தோலுரிக்கும் கட்டுரையின் ஓரத்தில் அதே வகை மருந்து விற்பனைக்கு வந்து நின்றுவிடுகிறது.