ஓர் இடைவெளி செய்த வேலை

கணிப்பொறி நிரல் என்றதும், யாரோ ஒரு மேதை தனியறையில் அமர்ந்து எழுதி முடிப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில், ஒருவர் எழுதியதை மற்றவர் வரிவரியாகப் படித்து ஒப்பிய பின்னரே நல்ல நிரல்கள் வெளிவருகின்றன. ஒரு சிறு திருத்தத்திற்கும் இதே விதிதான்.

நாம் தட்டும் கட்டளைகளை வாசித்து நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். இடைவெளியைக் கண்டால் ஒரு சொல் முடிந்தது என்று அது கொள்ளும். 'திருநீர்மலை மாணவியர்' என்று ஒரு கோப்புக்குப் பெயரிடுகிறோம். அப்பெயரை ஒரு மாறியில் வைத்து, அந்த மாறியை மேற்கோள் குறியின்றி அழிக்கும் கட்டளையில் எழுதினால், ஷெல் இரண்டு கோப்புகளைத் தேடும். 'திருநீர்மலை' என்று வேறொரு கோப்பு இருந்தால் அது போயிற்று! அழிக்க வேண்டியதோ அப்படியே இருக்கும்.

இது விளையாட்டன்று. மடிக்கணினிகளில் இரண்டு வரைகலை அட்டைகளைக் கையாள உதவும் பம்பிள்பீ என்ற லினக்ஸ் நிரலில், 2011-ஆம் ஆண்டு, நிறுவும் கட்டளைத் தொடரின் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டது. 'யு.எஸ்.ஆர்.' என்ற அடைவின் உள்ளே இருந்த ஒரு சிறு பகுதியை நீக்க வேண்டிய கட்டளை, அந்த அடைவு முழுவதையுமே நீக்கியது. லினக்ஸின் பெரும்பாலான நிரல்கள் இருப்பது அங்கேதான். செய்த திருத்தம் என்ன? அந்த இடைவெளியை எடுத்தார்கள், அவ்வளவே.

கோப்புகளில் யார், எப்போது, ஏன் மாற்றம் செய்தார் என்று பதிவு செய்து காப்பது 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலை முதல் ஜூனியோ ஹமானோ பராமரித்து வருகிறார். இதன் சோதனைகளில் பெரும்பாலானவை ஷெல்லில் எழுதப்பட்டவை. இரண்டு மேற்கோள் குறிகளைச் சேர்க்கும் திருத்தம் வந்தாலும் பரிசீலிப்பவர்கள் விடுவதில்லை. காரணத்தை விளக்கி எழுதியிருக்கிறாரா? பாஷ் அல்லாத மற்ற ஷெல்களிலும் இது ஓடுமா? திருத்தம் இல்லாதபோது சோதனை தோற்கிறதா? நடுவில் ஒரு கட்டளை தோற்றால் அது மறைந்து போகாதபடி, கட்டளைகள் யாவும் சங்கிலி போல் இணைக்கப்பட்டுள்ளனவா? குறை கண்டால், எழுதியவர் இரண்டாம் வடிவத்தை அனுப்புவார். சில வேளை மூன்றாவதும் வரும். (அருட்சகோதரி திருத்தித் தந்த கட்டுரை நோட்டில் சிவப்பு மையைக் கண்டால் நம் முகம் எப்படி வாடுகிறது!)

இவர்கள் செய்துள்ள இன்னொரு ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்தது. கிட் சோதனைகள் நடக்கும் அடைவின் பெயரிலேயே வேண்டுமென்று ஓர் இடைவெளியை வைத்திருக்கிறார்கள். மேற்கோள் குறியை மறந்து எழுதிய வரி, அங்கே ஓடும்போதே தடுமாறி அகப்பட்டுக்கொள்ளும்.