எதிரில் ஆள் இல்லை, பகடைதான் துணை!

சதுரங்கம் ஆட இருவர் வேண்டும். சீட்டுக் கச்சேரிக்கு நாலு பேராவது சேர வேண்டும். ஆனால் தன்னந்தனியே ஒருவர், ஒரு பென்சிலும் இரண்டு மூன்று பகடைகளுமாக மேஜைமுன் உட்கார்ந்து இரவெல்லாம் ஆடுகிறார். எதிரி யார் என்று அவருக்கே தெரியாது. கதை எங்கே போய் முடியும் என்பதும் தெரியாது!

இந்த ஆட்டத்தின் தாயகம் அமெரிக்கா. விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவாவில் வசித்த கேரி கைகாக்ஸும், டேவ் ஆர்னெஸன் என்பவரும் சேர்ந்து 1974-ம் ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கினார்கள். ஆடுகிறவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் ஏற்பார். வழியில் என்ன வரும் என்று சொல்ல நடுவர் ஒருவர் இருப்பார்.

நடுவர் கிடைக்காவிட்டால்? மறு வருஷமே கைகாக்ஸ் வழி சொன்னார். நடுவருக்குப் பதில் ஓர் அட்டவணை!

இருபது முகப் பகடை

1979-ல் வந்த அவரது நூலிலும் அது உண்டு. சுரங்கத்தில் நடந்தபடியே இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். 3 முதல் 5 வரை விழுந்தால் ஒரு கதவு. 14 முதல் 16 என்றால் அறை. 18 விழுந்தால் மேலே வழியில்லை. 20 விழுந்தாலோ, ஐயோ பாவம், சுற்றித் திரியும் பூதம் எதிரே நிற்கும்!

இதனால் சுரங்கம் வளர்ந்தது; கதை அவ்வளவாக வளரவில்லை. ஷான் டாம்கின் என்பவர் 2018-ல் வெளியிட்ட 'அயர்ன்ஸ்வார்ன்' அந்தக் குறையைத் தீர்க்கிறது. அதில் செயலைச் சொல்லும் பட்டியல் ஒன்று, பொருளைச் சொல்லும் பட்டியல் ஒன்று. பத்து முகப் பகடை இரண்டை உருட்டினால் 1 முதல் 100 வரை ஓர் எண் வரும். பட்டியலுக்கு ஒரு சொல். இரண்டையும் முடிச்சுப் போடுவது நம் வேலை.

ஆம், இல்லை என்றும் கேட்கலாம். முதலில் வாய்ப்பை நாமே தீர்மானிக்க வேண்டும். சரிபாதி என்றால், 51-ம் அதற்கு மேலும் 'ஆம்'. அநேகமாக நடக்கும் என்றால், 26 விழுந்தாலே போதும்.

யார் பார்க்கிறார்கள்?

நானும் ஆடிப் பார்த்தேன். மூன்று இரவுகள் வளர்த்த என் வீராங்கனை, வெள்ளம் புரளும் ஆற்றங்கரைக்கு வந்தாள். மரப்பாலம் தாங்குமா? அநேகமாகத் தாங்கும் என்று வைத்துக்கொண்டு உருட்டினேன்.

விழுந்தது 19!

மறுபடி உருட்டக் கை துறுதுறுத்தது. அறையில் வேறு யாருமில்லை. அர்த்தமே இல்லாத பதில் வந்தால் மாற்றிக் கொள்ளலாம், தவறில்லை. ஆனால் மனசுக்குப் பிடிக்கவில்லை என்று மாற்றினால், அப்புறம் ஆடுவானேன்?

பாலம் உடைந்தது. அவள் வெள்ளத்தில் போனாள். அடுத்து என்ன? பட்டியலைப் பார்த்தேன். வந்த சொற்கள்: 'காப்பாற்று', 'பகை'.

கரையில் கண் விழித்தாள். ஈரம் சொட்டச் சொட்ட, அவளை இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக் கொண்டிருந்தவன், மூன்று இரவாக அவள் துரத்தி வந்த அதே ஆள்!