பன்னிரண்டு ஸ்பூன்கள்

அமெரிக்காவில் ஓர் உணவு விடுதி. நன்றாக இருட்டிவிட்ட நேரம். கல்லூரியிலிருந்தே கூட இருக்கும் இரண்டு தோழிகள் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்தபடி பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் மிசெராண்டினோ மாத்திரையை எடுக்கும்போது தோழி திடீரென்று கேட்கிறாள்: லூபஸ் நோயோடு வாழ்வது எப்படித்தான் இருக்கும்? டாக்டரிடம் துணைக்குப் போனவள் அவள். கிறிஸ்டின் தடி ஊன்றி நடந்ததையும் வலி தாங்காமல் அழுததையும் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவளுக்கே தெரியவில்லை!

கிறிஸ்டின் கைக்கெட்டிய ஸ்பூன்களையெல்லாம், பக்கத்து மேசைகளில் கிடந்தவற்றையும் சேர்த்து, அள்ளித் தோழியின் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் 12. இன்றைக்கு உனக்குள்ள தெம்பு இவ்வளவுதான், காலையிலிருந்து என்னென்ன செய்வாய் சொல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன் போய்விடும் என்றார். குளிக்க ஒன்று போயிற்று. உடுத்த இன்னொன்று: விரல் மூட்டு வலித்தால் பட்டன் போட முடியாது, காய்ச்சல் அடித்தால் ஸ்வெட்டர் வேண்டும், கை கன்றிப்போயிருந்தால் முழுக்கைச் சட்டையைத் தேட வேண்டும். வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி ஸ்பூன்கள் காலி. மாலை 7 மணிக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. சமைத்தால் பாத்திரம் கழுவத் தெம்பிருக்காது. வெளியே போய்ச் சாப்பிட்டால் வண்டி ஓட்டிக்கொண்டு பத்திரமாகத் திரும்ப முடியாது. தோழிக்குக் கண் கலங்கிவிட்டது.

இதை 2003-இல் கிறிஸ்டின் ஒரு கட்டுரையாக எழுதினார். லூபஸ்காரர்கள் மட்டுமல்ல, தீராத வலியும் தீராத அசதியுமாக நாளைக் கடத்தும் பலரும் அதைத் தங்கள் கதையாகவே படித்தார்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இன்று இப்படிப்பட்ட நோயாளிகள் தங்களை ‘ஸ்பூனி’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

லூபஸ் தொற்றுநோய் அல்ல, தொட்டால் ஒட்டாது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல்படை தன் வீட்டையே தாக்குவதுதான் நோய். மூட்டு, தோல், சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று எங்கும் கை வைக்கும். பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள்; பெரும்பாலும் இளவயதில்தான் தொடங்குகிறது. சிலருக்குக் கன்னமும் மூக்கும் சேர்ந்து பட்டாம்பூச்சி விரித்தாற்போலச் சிவக்கும். எல்லோருக்கும் அப்படி வருவதில்லை. வெயில் பட்டால் பலருக்கு நோய் கிளம்பும். ஒரு வாரம் ஓடியாடி வேலை செய்தவர் அடுத்த வாரம் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் கிடப்பார்.

வீட்டில் சந்தேகம் முளைப்பது இந்த இடத்தில்தான். ‘நேத்துக் கல்யாணத்துக்கு வந்து நல்லாத்தானே சிரிச்சுப் பேசினா?’ நேற்றுச் சிரித்ததற்கு இன்று படுக்கையில் கிடந்து விலை கொடுக்கிறாள் என்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பினால் ‘இப்பத்தான் சதை போட்டு அழகா இருக்கே’ என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். கேட்பவளுக்கு, தன் நோயே இல்லை என்று சொன்னது போல வலிக்கும். திருமணமாகாத பெண் என்றால் மாத்திரை அட்டையைக்கூட விருந்தாளி கண்ணில் படாமல் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. உடம்பு வலிக்கு மருந்து உண்டு. நம்பப்படாத வலியை எந்த மருந்தைக் கொண்டு ஆற்றுவது?

2020 மார்ச்சில் இந்த நோயாளிகள் எவ்வளவு எளிதாக மறக்கப்படுகிறார்கள் என்பது தெரிந்தது. லூபஸ்காரர்கள் ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொரோனாவைக் குணமாக்கும் என்று பேச்சு கிளம்ப, பல நாடுகளில் மருந்துக்கடைகளில் அது கிடைக்காமல் போனது. கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. அது இல்லாமல் முடியாதவர்களோ அந்த நாட்களில் கடை கடையாக அலைந்தார்கள்.

சட்டமும் மெதுவாகத்தான் கண் திறக்கிறது. இந்தியாவின் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 வகைகளே இருந்தன. 2016 சட்டம் அதை 21 ஆக்கி, ஹீமோபிலியா, தலசீமியா, மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற வெளியே தெரியாத நோய்களையும் சேர்த்தது. பெரிய முன்னேற்றம்தான். லூபஸின் பெயர் அதில் இல்லை. அதே 2016-இல் லண்டன் காட்விக் விமான நிலையம் வேறொரு வழி கண்டது: சூரியகாந்திப் பூப் போட்ட பச்சை நிறக் கழுத்துப் பட்டி. அதை அணிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமோ உதவியோ தேவை என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். நோயின் பெயரைச் சொல்லி, வரிசையில் நின்று வாதாட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் இப்படிப்பட்ட நோயை மறைக்கும் மௌனத்தைப் பெரிய அளவில் உடைத்தவர் நடிகை சமந்தா. 2022 அக்டோபரில், ‘யசோதா’ படத்துக்கு டப்பிங் பேசும் இடத்தில் கையில் டிரிப்ஸ் ஏறும் படத்தை வெளியிட்டு, தனக்கு மயோசைட்டிஸ் என்று அறிவித்தார். தசைகளை அழற்சிக்கு உள்ளாக்கும் நோய் அது. லூபஸின் உறவுக்கார நோய் எனலாம். எப்போதும் திரையில் பளிச்சென்று தெரிந்த முகத்துக்குப் பின்னால் இப்படி ஒன்றா என்று திகைத்த பலரும் அன்றுதான் அந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல், மாதக்கணக்கில் மூட்டு வலி, கொத்துக் கொத்தாக முடி உதிர்தல், வெயிலில் சிவக்கும் தோல் என்று அலைபவர்கள் மூட்டுவாத நோய் (ருமட்டாலஜி) டாக்டரைப் பார்ப்பது நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இதற்கென்றே தனித்துறைகள் உண்டு. போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போக வேண்டும். டாக்டர் சொல்வதை நேரில் கேட்ட கணவரோ மாமியாரோ பிறகு ‘சோம்பேறி’ என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுக்கமாட்டார்கள்.

மற்றபடி பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டுப் பதில் முடியும் வரை பக்கத்தில் உட்காரலாம். மாலை 7 மணிக்கு அடுக்களையில் கிடக்கும் பாத்திரங்களை வேறு யாராவது கழுவி வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் அந்த ஒரு ஸ்பூனோடு அவள் அன்று சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள்.