ரொட்டிக் கடற்பஞ்சு

பிரித்தானியத் தீவுகளின் பாறைக் கரைகளில், ஓதம் வடிந்த வேளையில் கவிந்த பாறைகளின் அடிப்புறத்தை நோக்கினால், பசிய மெத்தை போன்றதொன்று படர்ந்திருத்தலைக் காணலாம். காண்போர் பலரும் அதனைப் பாசியென்றே கொள்வர். அது பாசியன்று, கடற்பஞ்சு என்னும் விலங்கு. 1766ஆம் ஆண்டில் பல்லாஸ் என்னும் செர்மானிய அறிஞர் இதற்கு, ரொட்டியை ஒத்தது எனப் பொருள்படும் 'பானிசியா' என்னும் பெயரைச் சூட்டினார். விரலிடையே நசுக்கினால் இது ரொட்டித் துணுக்கெனவே உதிரும்.

வாயும் வயிறும் நரம்பும் இல்லாத ஒன்றை விலங்கென்பது எங்ஙனம்? மாணவர்களே, இவ்வையம் அறிஞர்க்கும் நெடுநாள் இருந்தது. ஸ்காட்லாந்து நாட்டு ராபர்ட் கிராண்டு என்பார், வேறொரு கடற்பஞ்சின் சிறு கிளையைக் கடிகாரக் கண்ணாடியிற் கடல்நீர் வார்த்து இட்டு, நுண்பெருக்காடி வழியே நோக்கினார். அதன் பெருந்துளையினின்று நீர் இடையறாது பீறிட்டு வெளிப்படக் கண்டு வியந்தார். 1825இல் அச்செய்தியை வெளியிட்டார். (டார்வின் மாணவராயிருந்த காலத்தில் இவரோடு கடற்கரையில் உலாவியவரே.) நுண்துளைகள் வழியே நீரை உட்கொண்டு, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துண்டு, எஞ்சிய நீரைப் பெருந்துளை வழியே வெளியேற்றுதலே இதன் வாழ்க்கை.

இதனை அறிய விரும்புவோர் நிறத்தை நம்புதல் கூடாது. ஒளி படும் இடத்தில் தன்னுள் வாழும் நுண்பாசிகளால் பசுமையாகத் தோன்றும் இதுவே, நிழலில் வெளிறிய மஞ்சளாகத் தோன்றும். வடிவும் அத்தகையதே: அலை மோதும் பாறையில் மெல்லிய தகடாகப் படரும், அமைதியான நீரில் தடித்து உயரும். எரிமலை வாய்போல் மேடிட்ட பெருந்துளைகளும், வெடித்த வெடிமருந்தை நினைவூட்டும் நாற்றமும் ஓரளவு துணைசெய்யும்.

ஆயினும், இதனோடு ஒத்த செம்மஞ்சட் பஞ்சு ஒன்று அதே கரைகளில் உண்டு. ஐயம் தீர வேண்டின் உள்ளிருக்கும் நுண்முட்களையே பார்த்தல் வேண்டும். சிறு துணுக்கைச் சலவை வெளுப்பு நீரில் இட்டால் தசை கரைந்துபோக, மணற்சத்தாலான முட்கள் மட்டும் எஞ்சும். நுண்பெருக்காடியில் முள்ளின் இருமுனையும் கூராயிருப்பின் அது ரொட்டிப் பஞ்சு. ஒருமுனை கூராகவும் மறுமுனை மழுங்கியும் இருப்பின் செம்மஞ்சட் பஞ்சு.

இப்பஞ்சைத் தின்றே வாழும் ஓடில்லா நத்தை ஒன்றும் அக்கரைகளில் உண்டு. மஞ்சள் நிறமும் புள்ளியிட்ட தோலும் கொண்ட அதனை அந்நாட்டார் கடல் எலுமிச்சை என்பர். வெண்ணாடாவைச் சுருட்டி ஒட்டியது போன்ற அதன் முட்டைத்திரள் ஒரு பாறையில் தென்படின், அதன் அருகே பஞ்சையும் தேடலாம்.