மும்மூர்த்திகளுக்கு முகம் தந்த சித்திரக்காரர்

சங்கீத மும்மூர்த்திகளின் படத்தைப் பார்க்காத ரசிகர் உண்டா? சபா மேடையிலும், பாட்டு வாத்தியார் வீட்டுக் கூடத்திலும் மாலையும் சந்தனமும் ஏற்று அது விளங்குகிறது. அப்படிப் பூஜையில் இருக்கும் படங்களுள் மிகவும் பிரசித்தமான ஒன்றை எழுதியவர் யார் என்று கேட்டால், பலர் விழிப்பார்கள். அவர்தான் மயிலாப்பூர் நடுத்தெருவில் வாழ்ந்த எஸ். ராஜம்.

பதினைந்து வயது ராமர்

ராஜம் பிறந்தது 1919 பிப்ரவரி 10-ம் தேதி. தந்தை சுந்தரமய்யர் வக்கீல். கலைப் பித்துக் கொண்டவர். வித்வான்கள் வந்து போகும் வீடு அது. வீணை வித்வான் எஸ். பாலசந்தர், ராஜத்தின் தம்பி.

1934-ல் 'சீதா கல்யாணம்' படத்தில் ராஜம் ராமராக நடித்தார். சீதையாக வந்தவர் யார் தெரியுமா? சொந்தத் தங்கை ஜெயலட்சுமி! ஜனகராகத் தந்தையே நடித்தார். அண்ணனும் தங்கையும் ஜோடியா என்று அக்காலத்தில் முணுமுணுப்பும் எழுந்தது. பாட்டும் அழகும் இருந்தும், ராஜம் சினிமாவிலேயே தங்கிவிடவில்லை. பாபநாசம் சிவன், அம்பி தீட்சிதர், மதுரை மணி ஐயர் ஆகியோரிடம் சங்கீதம் பயின்றார். ஓவியம் கற்கச் சென்னைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அஜந்தாவின் வழி

அப்போது அப்பள்ளியின் தலைவர், மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையைப் பிற்காலத்தில் வடித்த தேவி பிரசாத் ராய் சௌதுரி. அங்கே மேனாட்டுப் பாணி ஓங்கி நின்றது. ராஜத்தின் மனமோ அஜந்தா சுவரோவியங்களை நாடியது. கண் கண்டதை அப்படியே எழுதுவதைவிட, கோட்டின் நெளிவில் பாவத்தைக் காட்டுவதே அவருக்கு உகந்ததாயிற்று.

நீர்வண்ணமே அவருடைய சாதனம். காகிதத்தில் வண்ணம் தீட்டி, அதை நீரில் அலசி, உலர்த்தி, மறுபடியும் தீட்டுவார். படிப்படியாக ஏறும் அந்த வண்ணத்துக்கு அவசரம் ஆகாது.

காணாத முகங்கள்

சியாமா சாஸ்திரிகள் 1827-லும், தீட்சிதர் 1835-லும், தியாகராஜர் 1847-லும் மறைந்தார்கள். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-ல்தான். மூவருக்கும் புகைப்படம் கிடையாது. பின் எதைப் பார்த்து எழுதுவது?

இங்கேதான் பாட்டு கைகொடுத்தது. அவருடைய குரு அம்பி தீட்சிதர், முத்துசாமி தீட்சிதர் பரம்பரையில் வந்தவர். அந்தக் கீர்த்தனைகளை ராஜம் பாடிப் பாடி அறிந்தவர். வெறும் சித்திரக்காரர் மூன்று பெரியவர்களை எழுதியிருப்பார். ராஜமோ தாம் பாடிய பாட்டுக்கு உருவம் தந்தார். தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகளுக்கும் சித்திரம் எழுதினார்.

சென்னை வானொலியில் பல ஆண்டுகள் பணியாற்றினார். கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளைப் பரப்பினார். விவாதி ராகம் தோஷம் என்று பலர் ஒதுங்கிய காலத்தில், அவற்றைத் துணிந்து பாடினார், பிறருக்கும் கற்பித்தார்.

2010 ஜனவரி 29-ம் தேதி ராஜம் காலமானார். 91 வயது நிறையப் பன்னிரண்டு நாளே இருந்தது.

அவர் எழுதிய முகங்கள் நிலைத்துவிட்டன. தியாகராஜர் என்றதும் நம் மனக்கண்ணில் வருவது அவர் தீட்டிய வடிவம் என்பதையே நாம் மறந்துவிட்டோம். சித்திரக்காரருக்கு அதைவிடப் பெரிய வெற்றி இல்லை. ஆனாலும், அந்தப் படத்துக்குப் பூச்சூட்டும்போது நடுத்தெரு ராஜத்தையும் ஒரு கணம் நினைப்பது நம் கடமை.