கதவு இடித்தால் குற்றம் எங்கே?

வீட்டுக் கதவொன்று நிலையில் இடிக்கத் தொடங்கினால், தச்சன் சீவுளியை எடுத்து இடிக்கும் ஓரத்தைச் சீவிவிடுவது வழக்கம். மாரி மழையிற் பலகை ஊதியிருந்தால் அவன் செய்தது சரியே. ஆனால், அத்திவாரம் அமிழ்ந்து நிலையே சாய்ந்திருக்குமாயின், சீவிய கதவு மறு ஆண்டும் இடிக்கும். கதவில் இல்லாத குற்றத்துக்குக் கதவைச் சீவுவதனாற் பயன் இல்லை. இவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கோ மிகவும் பொருந்தும்.

எம்.ஜி.பி. என்னும் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் இருந்த தொழிற்சாலையிலிருந்து, 1962 ஆம் ஆண்டு முதல் 1980 ஆம் ஆண்டு வரை, கூரையுள்ளவையும் இல்லாதவையுமாக 5 இலட்சத்துக்கு மேற்பட்ட எம்.ஜி.பி. வண்டிகள் வெளிவந்தன. அதற்கு முன்னோடியான எம்.ஜி.ஏ. வண்டிக்கு இரும்பினாலான அடிச்சட்டம் தனியே உண்டு. அதன்மேல் உடற்பகுதி வைத்துப் பூட்டப்பட்டது. எம்.ஜி.பி.யிலோ தனியான அடிச்சட்டம் இல்லை. வளைத்தும் மடித்தும் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட தகடுகளே உடலுமாகிச் சட்டமுமாகி நிற்கின்றன. கூரையுள்ள வண்டியிற் பாரத்தில் ஒரு பங்கைக் கூரை ஏற்றுக்கொள்ளும். திறந்த வண்டிக்கு அத்துணை இல்லை. ஆகவே, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே பாலம் போல நின்று பெரும் பாரத்தைத் தாங்குவன, இரு கதவுகளின் கீழும் ஓடுகின்ற பெட்டி வடிவான கீழ்ச்சட்டங்களேயாம்.

குளிர்காலத்தில் வீதியிற் பனி உறையாதிருக்கும் பொருட்டுப் பிரித்தானியாவில் உப்புத் தூவுவார்கள். சக்கரம் வாரியிறைக்கும் உப்பு நீரும் சேறும் கீழ்ச்சட்டத்தினுட் புகுந்து தங்கிவிடும். கறள் உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். வெளியே வர்ணம் மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளே தகடு கடதாசி போல மெலிந்துவிடும். அப்பொழுது பாலம் நடுவிலே தொய்கின்றது. கதவுக்கு முன்னும் பின்னும் உள்ள தூண்கள் மேற்புறத்தில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. கதவும் பின்தூணின் மேற்பகுதியில் இடிக்கின்றது.

பிணைச்சல் தேய்ந்தாலும் கதவு இவ்வாறே இடிக்கும். இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? முதலிற் கதவைப் பாதி திறந்து, அதன் பின்னோரத்தை இரு கைகளாலும் பிடித்து மெல்ல உயர்த்திப் பார்த்தல் வேண்டும். கதவு தூணோடு ஒட்டாமல் மேலும் கீழும் ஆடுமாயின் பிணைச்சலின் ஆணி தேய்ந்திருக்கின்றது, அல்லது அதன் திருகாணிகள் இளகியிருக்கின்றன. பின்னர்க் கதவை மூடி, ஒரே தடிப்புள்ள அட்டைத் துண்டொன்றைச் சுற்றியுள்ள இடைவெளியில் ஓடவிடலாம். பிணைச்சல் தேய்ந்த கதவின் முன்னோர இடைவெளி மேலே அகன்றும் கீழே ஒடுங்கியும் இருக்கும். முன்னோர இடைவெளி ஒழுங்காக இருந்து, பின்னோர இடைவெளி மட்டும் மேலே ஒடுங்கியிருந்தால், தூண்கள் சாய்ந்தனவோ என்று ஐயுறல் வேண்டும். வண்டியை ஜாக்கியினால் உயர்த்தும்போது அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறுமாயின், ஐயம் உறுதியாகின்றது. கீழ்ச்சட்டம் தன் வலிமையை இழந்துவிட்டது.

குற்றம் பிணைச்சலோடு நின்றால் வேலை எளிது. ஆனால் முறை தவறலாகாது. பல ஆண்டு இறுகிய திருகாணிகளுக்கு எண்ணெய் இட்டு ஊறவிட்டே கழற்றல் வேண்டும். அவசரப்பட்டால் அவற்றின் தலை சிதைந்துவிடும். கதவோரத்து இறப்பர்ப் பட்டியையும் கழற்றிவிடுதல் நன்று. புதிய இறப்பர் தடிப்பாக இருந்து கதவை வெளியே தள்ளும். அதனால் உண்மையான நிலை மறைந்துபோகும். பூட்டுக் கொக்கி மாட்டிக்கொள்ளும் எதிர்த்தகட்டையும் தூணிலிருந்து அகற்றிக் கதவு தன் பிணைச்சல்களில் மட்டும் தொங்குமாறு விடல் வேண்டும். தேய்ந்த பிணைச்சலை மாற்றி, வேண்டிய இடத்தில் மெல்லிய தகட்டுத் துண்டுகளை அதன் பின்னே வைத்து, இடைவெளி சுற்றிலும் சமமாகும்வரை சிறிது சிறிதாகத் திருத்துவர். எதிர்த்தகட்டைப் பூட்டுவது இறுதி வேலை. அது கதவைப் பிடித்து வைப்பதற்கே உரியது. தூக்கி நிறுத்துவதற்கு உரியதன்று. தாழ்ந்த கதவை எதிர்த்தகட்டினால் உயர்த்திச் சமாளித்தால், பூட்டு விரைவில் தேய்ந்து, ஓடும் வண்டியிலே கதவு திறந்துகொள்ளவும் கூடும்.

குற்றம் கீழ்ச்சட்டத்தில் இருந்தாற் பிணைச்சலைத் தொடுவதிற் பொருளில்லை. அரித்த சட்டத்தை வெட்டியெடுத்துப் புதியதை வெல்டிங் செய்தல் வேண்டும். இவ்விடத்திலேதான் பலர் பெரும் பிழை செய்கின்றனர். வண்டியைக் கண்டபடி உயர்த்தி வைத்துச் சட்டத்தை வெட்டிவிட்டால், தாங்குவாரில்லாத உடல் மேலும் வளையும். வளைந்த நிலையிலே புதிய சட்டத்தை ஒட்டினால் அந்த வளைவு நிலைத்துவிடும். அதன்பின் எந்தக் கதவும் அவ்வாசலுக்குப் பொருந்தாது. ஆகையால், வெட்டுமுன் வண்டியைச் சமதளத்தில் ஒழுங்காகத் தாங்கி நிறுத்தி, இடைவெளிகளைச் சரிசெய்து, இரு தூண்களுக்கும் இடையே இரும்புச் சலாகையை முட்டாகப் பொருத்துவர். ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தை வெட்டுவர். புதிய சட்டத்தையும் முதலிற் புள்ளி புள்ளியாக ஒட்டிக் கதவை மாட்டிப் பார்த்து, அது இடியாமல் மூடிய பின்னரே முழுமையாக ஒட்டுவர். அங்கே கதவே அளவுகோலாகின்றது.

அபிங்டன் தொழிற்சாலை 1980 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எனினும் இவ்வண்டியைப் பேணுவோர் குறையவில்லை. 1988 ஆம் ஆண்டில், பழைய அச்சுக்களைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு உடலும் புதிதாகச் செய்து விற்கப்படலாயிற்று. உடல் முழுவதையும் மாற்ற எல்லோராலும் இயலாது. ஆயினும், பழைய வண்டியை வாங்க நினைப்பவர் எவரும், விலை பேசுமுன் கதவோரத்து இடைவெளியை ஒருமுறை உற்று நோக்கலாம். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. வர்ணத்தின் கீழே மறைத்து வைத்த கறளை அந்த மெல்லிய கோடு காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்திலிருந்து வேறொரு வண்டி வந்து மோதும் வேளையில் உள்ளே இருப்பவரைக் காப்பதில் அக்கீழ்ச்சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. இடிக்கும் கதவை அராவி அமைதிப்படுத்துகின்றவர், அது சொல்ல வந்த எச்சரிக்கையையும் சேர்த்தே அராவிவிடுகின்றார்.