பால்குடம் சுமக்கும் நாம் பால் குடிக்கிறோமா?

தைப்பூசத்துக்கு முன் 48 நாள் விரதம் இருப்பவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. மீன், கோழி, முட்டை எதுவும் வீட்டுக்குள் வராது. பத்துமலையில் 272 படிகள் ஏறிப் பால்குடத்தைச் செலுத்திய பிறகுதான் அடுப்படியில் மீன்குழம்பு கொதிக்கும். இத்தனை நாள் சைவம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறைந்துவிடாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள்.

48 நாளில் குறையாது. வழக்கமாக நன்றாகச் சாப்பிடுபவரின் கல்லீரலில் சில ஆண்டுகளுக்குத் தேவையான பி12 சேமிப்பு இருக்கும். கவனிக்க வேண்டியவர்கள், ஆண்டு முழுக்கச் சைவமாக இருந்துகொண்டு பாலையும் தயிரையும் குறைத்துவிட்டவர்கள்தாம்.

இரத்தம் ஊறவும் நரம்புகள் ஒழுங்காக இயங்கவும் பி12 தேவை. இதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள் மட்டுமே. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுதான் பால் வழியாக நமக்கு வந்து சேர்கிறது. கீரை, பருப்பு, பழம் எதையும் இதற்கு நம்ப முடியாது. முட்டையும் சாப்பிடாத சைவருக்கு, சாப்பாட்டில் கிடைக்கும் இயற்கையான பி12 பெரும்பாலும் பாலும் தயிரும் தருவதுதான்.

இது குறைந்தால் என்ன ஆகும் என்பதை 1962-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். தாய்ப்பால் குடித்து வளர்ந்த சில குழந்தைகளுக்கு இரத்தசோகை இருந்தது. தோல் கறுத்தது, கைகால் நடுங்கியது, வளர்ச்சி பின்வாங்கியது. தாய்மார்கள் சைவ உணவுக்காரர்கள். அவர்கள் உடம்பிலேயே பி12 குறைவு என்பதால் தாய்ப்பாலிலும் அது போதவில்லை. பி12 கொடுத்ததும் குழந்தைகள் தேறினார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பால், தயிரை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 2.4 மைக்ரோகிராம். ஒரு குவளை பாலில் (240 மில்லி) சுமார் 1.3, ஒரு சிறு கிண்ணம் தயிரில் சுமார் 1 மைக்ரோகிராம் உண்டு. காலையில் ஒரு குவளை பால், மதியச் சோற்றோடு தயிர் என்றால் கிட்டத்தட்டக் கணக்கு முடிந்தது. கொழுப்பு நீக்கிய பாலிலும் பி12 இருக்கும். ஆனால் பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினால் கொஞ்சம் போய்விடும். நெய் வெறும் கொழுப்பு. அதில் பி12 இல்லை என்றே சொல்லலாம்.

'நான்தான் தினம் மூன்று தே தாரேக் குடிக்கிறேனே' என்பீர்கள். டின்னில் உள்ள லேபிளைப் படித்துப் பாருங்கள். பால் என்று நாம் நினைப்பது பல நேரம் சீனியும் செம்பனை எண்ணெயும் கலந்த கிரீமர்; பாலின் பங்கு குறைவு. சோயா பாலிலும் பி12 தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு.

இன்னொரு விஷயம். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு அதிகம். அதற்குப் பலரும் எடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரை, நீண்ட நாள் எடுத்தால் பி12 அளவைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், ஊசி குத்துவதுபோல் இருக்கும். அதைச் 'சர்க்கரையால் வந்தது' என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடுகிறோம். வயதாக ஆக, உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்கும் சக்தியும் குறைகிறது. இவர்களுக்குப் பால் மட்டும் போதாமல் போகலாம்.

அதனால் அம்மாவோ அப்பாவோ அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, 'பி12 பார்க்கலாமா டாக்டர்?' என்று கேட்கச் சொல்லுங்கள். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ உண்டு. கவனிக்காமல் நாளைக் கடத்தினால் நரம்புக்கு வரும் பாதிப்பு முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.